முதல் டம்ளர் தண்ணீர்

அன்று கொட்டகையில் இருந்தவர்கள்.

நான். கம்பெனி பஸ் ஓட்டுகிறவன்.

பாஸ்கர். வெல்டர். பசி தாங்காதவன்.

நித்யா மேடம். ஐ.டி. ஆபீசில் வேலை. படூரில் அபார்ட்மென்ட், சொந்த ஊர் ஈரோடு பக்கம்.

கஸ்தூரியக்கா. கொட்டகை அவளுடையது. அடுப்பும் அவளுடையது.

அவள் வீட்டுக்காரர். படகு வைத்திருக்கிறார். வாய் திறக்க மாட்டார்.

ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருபது பேருக்கு மேல். பெயர் தெரியாது. பைக்கில் வந்தவர்கள்.

அப்புறம் அவர்.

அவர் கையில் ஒரு டம்ளர். டம்ளரில் தண்ணீர். எல்லோரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு டம்ளர் தண்ணீரை இத்தனை பேர் ஏன் பார்க்க வேண்டும் என்றால், முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் கோபித்துக்கொள்வார்.

அவர் படாளத்தில் என் பஸ்ஸில் ஏறுவார். மறைமலைநகரில் வண்டிக்குப் பார்ட்ஸ் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எனக்கு நேர் பின்சீட்டு. ஏறும்போது தலையை ஆட்டுவார். இறங்கும்போதும் ஆட்டுவார். இரண்டு வருடம் அப்படியே போனது. எனக்கும் அது வசதி. பேசிக்கொண்டே ஓட்டுவது எனக்கு ஆகாது.

ஒரு நாள் காலையில் பரனூர் தாண்டி பஸ் கொதித்து நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி வந்தேன். ரேடியேட்டர் ஆறியதும் மூடியைத் திறந்து ஊற்றப் போனேன். அவர் இறங்கி வந்தார். குடத்தைச் சாய்த்துக் கையில் பிடித்து ஒரு வாய் குடித்தார். துப்பினார்.

"உப்பு. ஊத்தாத."

"ரேடியேட்டருக்குத் தானே அண்ணாத்த. அதுக்கு இன்னா நாக்கா கீது?"

"எனுக்கு கீது இல்ல."

குடத்தைக் காலி செய்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே குடித்தார். தலையை ஆட்டினார். அதற்கடுத்த வீடு. பஸ்ஸுக்குள் எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். ஷிப்டுக்கு நேரம் ஆகிவிட்டது. ஜன்னல் வழியாக ஒரு தலை வெளியே வந்தது.

"யோவ், பஸ்சுக்குப் பொண்ணு பாக்குறியா? புடிச்சத ஊத்துய்யா!"

அந்தத் தலைதான் பாஸ்கர். அவர் காதில் வாங்கவில்லை. நாலாவது வீட்டுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இத ஊத்து" என்றார். ஊற்றினேன். கம்பெனிக்குள் போனதும் எல்லோருக்கும் சூப்பர்வைசரிடம் திட்டு. சாயந்திரம் பஸ்ஸில் அதையே பேசிச் சிரித்தோம். நாங்கள் மூவரும் சேர்ந்தது அப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஒரு மாதிரி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் இனிக்கும், அந்தப் பக்கம் உப்புக் கரிக்கும். ஒரே தெருவில் நாலு வீட்டில் நாலு ருசி. கடலுக்குக் கிட்டே போகப் போக இன்னும் மோசம். அவருக்கு அது சின்ன வயதிலிருந்தே நாக்கில் படிந்துபோன விஷயம். மற்றபடி அவருக்கு எந்தப் பிடிவாதமும் கிடையாது. சட்டை கிழிந்திருந்தால் கிழிந்திருக்கும்.

பாஸ்கர் லோன் போட்டுப் பெரிய பைக் ஒன்று எடுத்தான். எடுத்த வாரமே ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கெழமை வூட்ல குந்திகினு இன்னா பண்றது? மாமல்லபுரம் போலாம், கடலைப் பாக்கலாம், ஒரு பிடி பிடிக்கலாம்."

போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டல். உள்ளே குளிர். பாஸ்கர் உட்கார்ந்ததும் மெனு அட்டையைத் திறந்துவிட்டான். சர்வர் மூடி போட்ட பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது வாணாம்" என்றார் அவர். "இங்க இருக்கற தண்ணி."

"இங்க இதுதான் சார்."

"நீ இன்னா குடிப்ப?"

சர்வர் யோசித்தார். உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தார். அவர் ஒரு வாய் குடித்தார். கீழே வைத்தார். எழுந்தார்.

"கெளம்பலாம்."

"அண்ணாத்த, நான் பிரைட் ரைஸ் வரைக்கும் வந்துட்டேன்" என்றான் பாஸ்கர், அட்டையில் விரலை வைத்தபடி.

அவர் வெளியே போய்த் தன் மொபெட்டில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கடையிலும் தண்ணீர் கேட்டார். கெளம்பலாம். அதற்கடுத்ததிலும் அதேதான். ஒரு முதலாளி, "தண்ணி குடிக்கத்தான் வந்தியா?" என்று கேட்டார். "ஆமா" என்றார் இவர். மரியாதையாகத்தான் சொன்னார். பாஸ்கருக்கு அழுகை வந்துவிட்டது.

"கண்ணு இருட்டுது அண்ணாத்த. தண்ணி சாக்கடைல இருந்து வந்தாலும் பரவால்ல. சோத்த போடு."

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற உள்ரோட்டில் திரும்பினோம். ஒரு இறக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இடம். போர்டு கிடையாது. வெளியே இரண்டு டிராக்டர் நின்றது. பானையிலிருந்து மோந்து கொடுத்தார்கள். குடித்தார். நின்று யோசித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"உக்காரலாம்."

இட்லி, வடகறி, கூட ஒரு தட்டில் வறுத்த நெத்திலி. பாஸ்கர் பேசாமல் சாப்பிட்டான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். இரண்டே தீர்ப்பு. உக்காரலாம், கெளம்பலாம். மேல் விவரம் கிடையாது. ஒரே ஒரு தடவை நான் கேட்டேன். ஏன் தண்ணீர்?

"சோறு, கொழம்பு, டீ, அல்லாம் எதுல வேவுது? அத ஒழுங்கா பாத்துக்கறவன் மத்ததையும் பாத்துப்பான்."

அவ்வளவுதான். மறுபடி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் டம்ளர் வரைக்கும் அவர் வாயில் எதுவும் படக்கூடாது. காபி கிடையாது. வெற்றிலை கிடையாது. பேஸ்ட் கூடக் கிடையாது, வெறும் விரல்தான். வழியில் கோயில் வந்தால் விபூதி பூசிக்கொள்வார். தீர்த்தத்துக்குக் கை நீட்ட மாட்டார்.

"நீ பின்னாடி வா அண்ணாத்த" என்பான் பாஸ்கர். "முன்னாடி போனா காத்து எம்மேல அடிக்குது."

அவர் சம்சாரம் ஒரு தடவை என்னிடம் கேட்டது. "ஞாயித்துக்கெழமை ஆனா வூட்ல காபி வாணான்றாரு. வெளிய போயி இன்னாதான் குடிக்கிறாரு?"

"தண்ணி" என்றேன்.

அந்தம்மா முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துவிட்டேன். விளக்கிச் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. எனக்கு அவ்வளவு பேசிப் பழக்கமில்லை.

கடை தேடுவதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு பாறை மலை ஏறினோம். படி கிடையாது. வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போய்விட்டோம். மேலே பாறைக் குழியில் தண்ணீர் நின்றது. பாஸ்கர் கையெடுத்துக் கும்பிட்டான். "அதையும் குடிச்சிடாத." குடித்தார். "மழ" என்றார். அப்புறம் ஓரத்தில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஏரியையும் ரயிலையும் பார்த்தோம். அவர் குடத்தைப் பார்த்தார். கீழே ஊரில் பொம்பளைகள் குடம் எடுத்துப் போகிறார்கள். ஒரு கிணற்றைத் தாண்டி, இன்னொரு கிணற்றையும் தாண்டி, தூரத்துக் கிணற்றுக்குப் போகிறார்கள்.

"அந்தத் தெரு" என்றார்.

இறங்கி அந்தத் தெருவுக்குப் போனோம். ஒரு வீட்டு வாசலில் புருஷனும் பெண்டாட்டியும் டிராக்டர்காரர்களுக்குக் கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கருவாட்டுக் குழம்பு. அந்தக் குழம்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பசிக்கும். கரிக்கிலி ஏரிக் கரையில் போண்டா கிடைத்ததும் அப்படித்தான். நாங்கள் பறவை பார்க்கப் போனோம். அவர் குடத்தின் பின்னாலேயே போய்விட்டார். குடம் எடுத்துப் போன அம்மா திரும்பி, "இன்னாய்யா வோணும்?" என்று அதட்டியது. "போண்டா எங்க கெடைக்கும்?" என்றார். அந்த அம்மா வீட்டிலேயே கிடைத்தது.

கோடையில் ஒரு நாள் பாலாற்று மணலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்தோம். நடு ஆற்றில் மண்டியிட்டு இரண்டு கையாலும் ஊற்று தோண்டினார். முதலில் கலங்கல். இறைத்து விட்டார். மறுபடி ஊறியது. தெளிகிற வரைக்கும் வெயிலில் காத்திருந்தார். குடித்துவிட்டு, "உக்காரலாம்" என்றார்.

"எங்க உக்கார்றது?" என்றான் பாஸ்கர். சுற்றி மணல்தான்.

"இங்கயே."

கட்டிக்கொண்டு போன தயிர்சோற்றை அங்கேயே சாப்பிட்டோம்.

அவர் தோற்ற இடமும் உண்டு. ஓதியூர் பக்கம் காயலில் படகு விட்டுவிட்டு ஒரு கடையில் நுழைந்தோம். தண்ணீர் பிரமாதம். உக்காரலாம் என்றார். சோறு குழைந்திருந்தது. குழம்பு அடிப்பிடித்திருந்தது. முட்டையில் ஓடு. பாஸ்கருக்கு ஒரே சந்தோஷம்.

"இன்னா அண்ணாத்த? நாக்கு லீவா?"

"தண்ணி நல்லாத்தான் கீது" என்றார். "சமைக்கறப்ப சண்ட போட்டிருக்காங்கோ."

உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. புருஷன் கத்தினார். பெண்டாட்டி அதைவிடக் கத்தியது. நாங்கள் தட்டைத் தள்ளிவிட்டோம். அவர் தள்ளவில்லை. உக்காரலாம் என்று சொன்னது அவர்தானே. முட்டை ஓட்டை எடுத்து வைத்துவிட்டு முழுவதையும் சாப்பிட்டார். கைகழுவும்போது அந்த அம்மாவிடம், "தண்ணி நல்லாகீது" என்றார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டது.

இப்போது அவர் இந்தப் பக்கம் இல்லை. ரிட்டயர் ஆனதும் மகளோடு ஓசூர் போய்விட்டார். போன் செய்தால் முதலில் அங்கே தண்ணீர் எப்படி என்று சொல்வார். அப்புறம்தான் உடம்பு எப்படி என்று சொல்வார். அப்புறம் வைத்துவிடுவார்.

நித்யா மேடம் எங்களுக்குத் திருக்கழுக்குன்றம் ரோட்டில் கிடைத்தார். அவர் பைக்கில் செயின் கழன்றிருந்தது. நான் மாட்டிக் கொடுத்தேன்.

"ரொம்ப தேங்க்ஸுங்ண்ணா. இங்க டிபன் எங்கீங்க நல்லாருக்கும்? போன்ல பாத்தா எல்லாக் கடைக்கும் நாலரை ஸ்டார் போட்டுருக்குதுங்க."

"நம்மகிட்ட ஒரே ஸ்டார்தான் மேடம்" என்று பாஸ்கர் அவரைக் காட்டினான். "வாய தொறந்தா ரெண்டே வார்த்த. அதுல ஒண்ணு வயித்துல அடிக்கும்."

மேடம் எங்களோடு வந்தார். மூன்று கடையில் கெளம்பலாம். மேடம் முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது கடையில் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த ஞாயிறு எங்களுக்கு முன்னாலேயே வந்து செங்கல்பட்டில் காத்திருந்தார்.

மேடம் போனில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குரூப் இருந்தது. எங்களோடு போய்விட்டு வந்ததும் அதில் இடத்தைப் போடுவார். கீழே ஒரே வார்த்தை. உக்காரலாம். போட்டோ இல்லை, ஸ்டார் இல்லை. முதலில் நாலு பேர் தேடிப் போனார்கள். அப்புறம் பத்து. அப்புறம் தாம்பரம், வேளச்சேரியிலிருந்தெல்லாம் வந்தார்கள். களி கிண்டுகிற புருஷன் பெண்டாட்டி இன்னொரு அடுப்பு போட்டார்கள். ரோட்டில் பார்த்தால் முன்பின் தெரியாதவர்கள் வண்டியை நிறுத்தி, "உக்காரலாம் அண்ணா!" என்று கை காட்டினார்கள். அவர் தரையைப் பார்ப்பார். "நமுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்" என்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஷேவ் செய்துகொண்டு வர ஆரம்பித்தார்.

மேடமிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "கெளம்பலாம் சொன்ன கடைய போடாத. ஒர்த்தரு பொழப்பு அது."

அவர் சொன்னபடி மேடம் போடவில்லை. ஆனாலும் அவர் போகாமல் விட்ட இடத்துக்கு ஆள் போவது குறைந்தது. அதை யாரும் தடுக்க முடியவில்லை.

கஸ்தூரியக்காவின் கொட்டகை வாயலூர் தாண்டி, பாலாறு கடலில் சேருகிற பக்கம். தார் ரோடு முடிந்து மணல். வண்டியை ஓட்ட முடியாது, தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டு போனால் சவுக்குத் தோப்பு. தோப்பு முடிகிற இடத்தில் கொட்டகை. அக்காவின் வீட்டுக்காரர் படகில் அக்கரை மணல் திட்டுக்குக் கூட்டிப் போவார். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல். முதல் தடவை போனபோது நித்யா மேடம் செருப்பை வீசிவிட்டு ஓடினார். பாஸ்கர் நீச்சல் அடிக்கிறேன் என்று போய், "காப்பாத்து, காப்பாத்து" என்று கத்தினான்.

"எழுந்து நில்லுய்யா!" என்று கொட்டகைப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள் கஸ்தூரியக்கா.

நின்றான். இடுப்பளவுதான்.

கொட்டகைக்குப் பின்னால் கைப்பம்பு. கடல் இவ்வளவு கிட்டே இருக்கிறது, உப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தோம். அவர் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். இன்னொன்று. அப்புறம் ஒன்றும் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உக்காரலாம் என்று சொல்ல மறந்துபோனது அங்கே மட்டும்தான். மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு, சுடுசோறு. அதற்கப்புறம் மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கேதான். குரூப்பிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தில்தான் அந்த அடுப்பு எரிந்தது. மற்ற நாளில் அங்கே நண்டும் காக்காயும்தான்.

அந்த வருட மழையில் ஒரு புயல் கரையை ஒட்டிப் போனது. கடல் தோப்புக்குள் ஏறி நின்று, அப்புறம் இறங்கியது. கொட்டகை தப்பித்தது. பம்பில் உப்பு வந்தது. லேசான உப்புதான். ஆனால் டீ திரிந்தது. பருப்பு வேகவில்லை. இன்னும் ஆழமாகக் குழாய் இறக்கிப் பார்த்தார்கள், இன்னும் உப்பு. கேன் தண்ணீர் வண்டி தார் ரோட்டோடு நின்றுவிடும். வீட்டுக்காரர் ஊரிலிருந்து மணலில் சுமந்து வருகிற குடம் வீட்டுக்கே போதாது.

குரூப்பில் ஒருவர் எழுதினார், டீ சரியில்லை என்று. இன்னொருவர், தண்ணீர் உப்பு என்று. மூன்றாவது ஆள் கேட்டார். உக்காரலாம் அண்ணா குடிச்சுப் பார்த்தாரா? அப்புறம் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். மழையால் நாங்கள் அந்தப் பக்கம் போகாமலிருந்தோம்.

கஸ்தூரியக்கா எனக்குப் போன் செய்தாள்.

"டிரைவர் தம்பி, அவர ஒரு தபா இட்டாந்துடு. உக்காரலாம்னா உக்காரட்டும். கெளம்பலாம்னா கொட்டாய பிரிச்சிடுறேன். ஒரகடத்துல கூட்டிப் பெருக்கற வேலைக்குக் கூப்புட்டுகினே கீறாங்கோ. சட்டியெல்லாம் கழுவி கவுத்துட்டேன்."

மறுநாள் பஸ்ஸில் அவரிடம் சொன்னேன்.

"எவ்ளோ உப்பு?" என்றார்.

"லேசாத்தானாம்."

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியது. அப்புறம் கேட்டார். "கொழம்பு?"

"அதே கொழம்புதான் அண்ணாத்த. கை மாறுமா?"

அவர் வருகிறார் என்று மேடம் குரூப்பில் போட்டிருந்தார். ஞாயிறு காலை கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் மலையடியில் ஒரு அம்மா நெல்லிக்காய் குவித்து வைத்திருந்தது. அவர் மொபெட்டை நிறுத்தினார். வாங்கினார். சட்டைப்பை இரண்டும் புடைத்தது. ஒன்றை எடுத்துக் கடித்தார்.

நாங்கள் மூவரும் வண்டியை நிறுத்திவிட்டோம். இத்தனை வருடத்தில் தண்ணீருக்கு முன்னால் அவர் ஒரு ஏலக்காய் கூட வாயில் போட்டதில்லை.

"இன்னா அண்ணாத்த, விரதம் கலைஞ்சி போச்சா?" என்றான் பாஸ்கர்.

"தின்னணும்னு தோணிச்சு."

மென்றுகொண்டே வண்டியை எடுத்தார். வாயலூர் வரைக்கும் கன்னத்தில் ஒரு நெல்லிக்காய் இருந்தது. மணலில் தள்ளும்போது இன்னொன்று போட்டுக்கொண்டார். நித்யா மேடம் என் காதருகில் கேட்டார்.

"ஏனுங்ண்ணா, நெல்லிக்காய் தின்னுட்டுத் தண்ணி குடிச்சா இனிக்கும் இல்லீங்களா?"

"ஆமா" என்றேன்.

இருவரும் வண்டியைத் தள்ளினோம்.

இனி அந்த டம்ளர்.

கஸ்தூரியக்கா பம்பை அடித்துப் பிடித்துக் கொடுத்தாள். அவர் கையில் வாங்கினார். சவுக்குத் தோப்பில் காற்று சத்தம் மட்டும். அவர் முழுவதும் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"உக்காரலாம்."

ஹெல்மெட்காரர்கள் கைதட்டினார்கள். நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்தேவிட்டார்கள். ஒருவர் மட்டும் பம்பில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். பெரிய பூட்ஸ் போட்டவர்.

"ப்ரோ, உப்பா இருக்கே?"

"எனுக்கு இனிக்குது" என்றார் இவர்.

அது பொய் இல்லை. அவருக்கு இனித்திருக்கும்.

ஆனால் கஸ்தூரியக்கா கைதட்டவில்லை. பம்பை விட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாய்யா, நாக்கு செத்துப் போச்சா உனுக்கு? எந்தண்ணி எனுக்குத் தெரியாது? பையில இன்னா அது?"

அவர் எடுத்து பெஞ்சில் வைத்தார். நெல்லிக்காய்கள் உருண்டன.

"இத தின்னுட்டு வந்து எங்கிட்ட நாடகம் ஆடுறியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"உக்காரணும்னு ஆச. தண்ணி வுடாது போலகீது. அதான்."

கஸ்தூரியக்கா உருண்டு போன காயைப் பொறுக்கி பெஞ்சில் வைத்தாள். பாஸ்கர் ஒரு நெல்லிக்காயை எடுத்துக் கடித்துவிட்டுப் பம்பில் குடித்தான். "அய்ய, சர்க்கர!" என்றான். அவ்வளவுதான். எல்லோரும் பாய்ந்தார்கள். ஆளுக்கொன்று கடித்துப் பம்படியில் வரிசை கட்டினார்கள். பூட்ஸ்காரர் இரண்டு தரம் வந்தார். மேடம் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் மூக்கில் ஏறி இருமினார்.

கூச்சல் அடங்கியதும் அவர் எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததில்லை. பேசினார்.

"தண்ணி போச்சு. கை போவல. அடுத்த வாரம் வர்றவங்கோ ஆளுக்கு ஒரு கேன் நல்ல தண்ணி கொண்டாந்தா உக்காரலாம். இல்லாங்காட்டி கெளம்பலாம்."

"எங்கடைக்கு நீ யாருய்யா கண்டிசன் போட?" என்றாள் கஸ்தூரியக்கா. "எவன் வூட்டுத் தண்ணிலயோ நான் கொழம்பு வைக்கணுமா?"

"மீனு மட்டும் உன் வூட்டுதா? கடலு வூட்டுது."

"தர்மத்துக்கு வாங்கமாட்டேன்."

"தர்மம் இல்ல. ஒரு கேனுக்கு ஒரு வறுத்த மீனு. கணக்கு தீந்துச்சு."

கஸ்தூரியக்கா யோசித்தாள். "சின்ன மீனுதான்."

"படகும் சும்மா" என்றது ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்த்தோம். அவள் வீட்டுக்காரர்.

"யோவ், நீ பேசாத வரைக்கும்தான்யா எனுக்கு லாபம்!" என்றாள் அக்கா. அப்புறம் எங்களைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "வந்தா பாக்கலாம். இவங்கோ போன்ல கட்டவிரல் தூக்குவாங்கோ. கேன் தூக்கமாட்டாங்கோ. அடுத்த ஞாயிறு வரைக்கும்தான். அன்னிக்கு ஆள் வரலன்னா திங்கக்கெழமை கீத்து எறக்கிடுவேன்."

அவர் அன்றைக்குச் சோறு கேட்கவில்லை. பெஞ்சைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பினார்.

நித்யா மேடம் குரூப்பில் போட்டார். கட்டைவிரல் நிறைய வந்தது என்றார். அவர் அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் ஒரே கேள்விதான் கேட்டார். "மேடம் இன்னா சொல்றாங்கோ?"

"வருவாங்கன்றாங்கோ."

"வருவாங்கோன்னா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக் கிணற்றில் ஆளுக்கொரு கேன் பிடித்துக் கட்டிக்கொண்டு போனோம். மணலில் தள்ளும்போது பாஸ்கரின் பைக் சாய்ந்தது. அவன் பைக்கை விட்டுவிட்டுக் கேனைப் பிடித்தான்.

கொட்டகையில் யாரும் இல்லை. சட்டிகள் கவிழ்ந்தே இருந்தன. கஸ்தூரியக்கா அடுப்பு மூட்டவில்லை. எங்கள் கேன்களைப் பார்த்தாள்.

"நாலு. இதுல நாமளே ஆக்கித் தின்னுட்டு, நாமளே கீத்து எறக்கிடலாம்" என்றாள்.

உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. பாஸ்கர் பசிக்கிறது என்று சொல்லவில்லை. அவர் தோப்பைப் பார்த்தபடி நின்றார். மணல் என்பதால் வண்டி சத்தம் கேட்காது. வந்தாலும் தெரியாது.

முதலில் ஒரு பொண்ணு தெரிந்தாள். இடுப்பில் பால்காரர்கள் வைத்திருக்கிற அலுமினியக் கேன். பின்னால் புருஷன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனுக்கு மேல்மூச்சு வாங்கியது.

"கூடுவாஞ்சேரி கிணத்துத் தண்ணிங்கண்ணா. எங்கம்மா வூடு" என்றாள்.

அப்புறம் தோப்புக்குள் ஆள் ஆளாகத் தெரிந்தார்கள். கேரியரில் கட்டினவர்கள். பின்சீட்டில் கேனை உட்கார வைத்து அதற்கு ஹெல்மெட் மாட்டிக் கூட்டி வந்தவர் ஒருத்தர். ஆபீஸ் கேனைத் தூக்கி வந்துவிட்டதாகச் சொன்ன இரண்டு பேர். மதுராந்தகம், வேடந்தாங்கல், வண்டலூர் என்று ஊர் ஊராகத் தண்ணீர் வந்தது. அவர் டம்ளரோடு வழியில் நின்றார். அன்றைக்கு அவர் வாயில் காலையிலிருந்து எதுவும் படவில்லை. ஒவ்வொரு கேனிலும் ஒரு வாய்.

"எங்க புடிச்ச?"

சொல்வார்கள். தலையை ஆட்டுவார். உக்காரலாம். அடுத்தவர்.

பூட்ஸ்காரர் கேனை இறக்கினார். இவர் குடித்தார். துப்பினார்.

"கெளம்பலாம்."

"ப்ரோ! வேளச்சேரில இருந்து தூக்கினு வரேன்!"

"தண்ணியத்தான் சொன்னேன். நீ உக்காரு. அது கால் கழுவ ஆவும்."

கஸ்தூரியக்கா உள்ளே போனாள். சட்டியை நிமிர்த்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் புகை வந்தது. பாலை ஊற்றினாள். திரியவில்லை. முதல் டீயை அவருக்குக் கொடுத்தாள். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே என் பக்கம் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொக" என்றாள்.

மீன் கழுவ உட்கார்ந்தவள் குரல் கொடுத்தாள்.

"பாஸ்கரு, எத்தினி கேனு? கேனுக்கு ஒரு மீனு. சரியா எண்ணு."

"கால் கழுவறதையும் சேத்துக்கவா?"

"அதுக்கு மீனு கெடையாது."

"பாவம்க்கா, வேளச்சேரி."

"சரி, சேத்துக்க. வால் துண்டு."

பாஸ்கர் விரலை நீட்டி முதலிலிருந்து எண்ணினான்.

முப்பத்தி நாலு.